தரவு இடமாற்ற அளவின் எல்லைகள்

பணிசெயல் முறைமையின் மையப் பகுதி கேர்ணல் எனப்படும். வன்றட்டுக்குக் கட்டளைகளை அனுப்புவது கேர்ணலில் இயங்கும் சாதனச் செலுத்தியாகும். ஒரு கட்டளையில் எவ்வளவு தரவை இடமாற்றலாம் என்பதற்கு இரு எல்லைகள் உண்டு.

1. வன்பொருள் எல்லை

இது சாதனத்தின் அமைப்பினால் தீர்மானிக்கப்படும். பழைய ஏ.ரீ.ஏ. வன்றட்டுகளின் கட்டளையில் துண்டங்களின் எண்ணிக்கையைக் குறிக்க 8 பிற்றுகளே இருந்தன. அதில் 0 என்பது 256 துண்டங்களைக் குறிக்கும். ஒரு துண்டம் 512 பைற்று.

256 × 512 = 131 072 பைற்று = 128 கிலோபைற்று

2002 இல் வெளியான ஏ.ரீ.ஏ.-6 நியமத்தில் 16 பிற்றுகள் ஒதுக்கப்பட்டமையால் இவ்வெல்லை 32 மெகாபைற்றாக உயர்ந்தது.

செலுத்தி இவ்வெல்லையைச் சரியாக அறிவித்தல் வேண்டும். கூடுதலாக அறிவித்தால் சாதனம் நிறைவேற்ற முடியாத கட்டளையைப் பெறும். வாசித்தலோ எழுதுதலோ தவறும். பயனரின் தரவு இழக்கப்படவும் கூடும்.

2. மென்பொருள் எல்லை

இது கேர்ணல் தானே விதிக்கும் எல்லையாகும். இது வன்பொருள் எல்லையிலும் கூடுதலாக இருக்க முடியாது. லினக்ஸில் நிர்வாகி இதனை மாற்றலாம்; ஆனால் வன்பொருள் எல்லையை மாற்ற முடியாது.

சாதனம் அனுமதிக்கும்போது ஏன் குறைக்க வேண்டும்? பெரிய இடமாற்றம் ஒன்று நடைபெறும்போது ஏனைய கோரிக்கைகள் காத்திருக்க நேரிடும். எனினும் எல்லையை மிகவும் குறைத்தால் கட்டளைகள் அதிகரித்து வேகம் குறையும். எனவே நடுத்தரமான அளவே பொருத்தமானது.

உதாரணம்

வன்பொருள் எல்லை 128 கிலோபைற்று, மென்பொருள் எல்லை 64 கிலோபைற்று. தட்டில் தொடர்ச்சியாக உள்ள 3 மெகாபைற்றுக் கோப்பை வாசிக்க எத்தனை கட்டளைகள் தேவை?

விடை: இரண்டிலும் சிறியதே செயற்படும்.
3 × 1024 = 3072 கிலோபைற்று
3072 ÷ 64 = 48 கட்டளைகள்

கோரிக்கையை இவ்வாறு பிரிப்பது கேர்ணலின் வேலையாகும். கோப்பைத் திறக்கும் பயனர் இதனை உணர்வதில்லை.

நினைவிற் கொள்க

• வன்பொருள் எல்லை: சாதனத்தால் இயலுமான உச்ச அளவு.
• மென்பொருள் எல்லை: கேர்ணல் தெரிவு செய்யும் அளவு.
• செயற்படுவது இரண்டிலும் சிறியது.

பயிற்சி

மேலுள்ள உதாரணத்தில் மென்பொருள் எல்லையை 128 கிலோபைற்றாக உயர்த்தினால் எத்தனை கட்டளைகள் தேவை? 256 கிலோபைற்றாக உயர்த்த முடியாதது ஏன்?

(விடை: 24 கட்டளைகள். 256 கிலோபைற்று வன்பொருள் எல்லையை மீறும்.)