சாரிஸார்டுக்கு நான்கு எனர்ஜி

2022 மார்ச்சில் ஒரே ஒரு போகிமான் கார்டு 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. 1999-ல் அமெரிக்காவில் வெளியான முதல் தொகுப்பு, அதிலும் முதல் பதிப்பு சாரிஸார்ட். கீறல், மடிப்பு எதுவும் இல்லாமல் தரச் சோதனையில் பத்துக்குப் பத்து வாங்கிய கார்டு. இந்த மாதிரிச் செய்தியைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும்: அந்தக் கார்டு கையில் இருந்தால் நம்மை யாராலும் ஜெயிக்க முடியாதோ?

தாராளமாக ஜெயிக்கலாம். மேஜையில் விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாரிஸார்டை நேரடியாக இறக்க முடியாது. முதலில் சார்மாண்டர், அடுத்த முறை அதன் மேல் சார்மிலியன், அதற்கும் அடுத்த முறைதான் சாரிஸார்ட். அதன் தாக்குதலுக்கு நான்கு எனர்ஜி வேண்டும். ஒரு முறைக்கு ஓர் எனர்ஜி கார்டுதான் வைக்கலாம். நூறு புள்ளி சேதம் செய்யும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவை தாக்கும்போதும் இரண்டு எனர்ஜி கார்டுகளைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். மறுபடி சேர்க்கும்வரை சும்மா நிற்கும்.

எதிரே ஹிட்மொன்சான். பரிணாமம் எதுவும் தேவையில்லை; ஒரே எனர்ஜியில் இருபது புள்ளிக் குத்து. சாரிஸார்ட் முழுதாக வந்து நின்றுவிட்டால் அந்தக் குத்து அதைத் தொடாது. வந்து நின்றால்தானே! ஐம்பது புள்ளி உயிருள்ள சார்மாண்டர் மூன்று குத்தில் விழுந்துவிடும். அன்றைய போட்டிகளை ஆண்டது ஹிட்மொன்சானும் எலெக்டபஸும் சேர்ந்த ‘ஹேமேக்கர்’ டெக்தான் (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டுதான் டெக்). பளபளக்கும் ஹிட்மொன்சான், ‘பிளாக்அவுட்’ என்று கடையில் விற்ற ஆயத்த டெக் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கூட நின்று ஆட்டத்தைக் காப்பாற்றியவை இரண்டு கார்டு எடுக்க வைக்கும் ‘பில்’, எதிராளியின் எனர்ஜியைப் பிடுங்கும் ‘எனர்ஜி ரிமூவல்’. இரண்டுமே எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் வந்து விழுகிற சாதாரணக் கார்டுகள்.

அதற்காகப் பணத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993 ஆகஸ்டில் வந்தபோது, ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் டெக்கில் வைக்கலாம். ஆளுக்கு ஒன்றிரண்டு பாக்கெட் வாங்குவார்கள், அரிய கார்டு வட்டாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் புழங்கும் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். செலவே இல்லாமல் மூன்று மானா (கார்டை இறக்கச் செலவாகும் சக்தி) தரும் ‘பிளாக் லோட்டஸ்’ ஒருவரிடமே நாலைந்து சேர்ந்தால் எதிராளி என்ன செய்வார்? 1994-ல் போட்டி விதி மாறியது: மானா தரும் அடிப்படை நிலக் கார்டுகள் தவிர எந்தக் கார்டும் நான்குக்கு மேல் கூடாது, பிளாக் லோட்டஸ் ஒன்றே ஒன்று.

இன்றும் அந்த ஆட்டத்தில் காசு பேசும் இடம் உண்டு. அது பூதமோ டிராகனோ அல்ல, நிலம். ‘அண்டர்கிரவுண்ட் சீ’ மாதிரியான பழைய இரட்டை நிலக் கார்டு இரண்டு நிற மானாவில் எது வேண்டுமோ அதைத் தரும். கையில் கார்டு இருந்தும் சரியான நிறம் கிடைக்காமல் முழிக்கும் நிலை குறையும். இந்த நிலங்கள் உட்படப் பல பழைய கார்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று 1996-ல் நிறுவனம் வாக்குக் கொடுத்தது. இன்று ஒவ்வொன்றும் பல நூறு டாலர். சேகரிப்பவரைக் காப்பாற்றும் அந்த வாக்கு, ஆட வருகிறவரை வாசலிலேயே நிறுத்துகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இன்றைய போகிமான் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்: ஒரே கார்டு சாதாரண அச்சிலும் வரும், விலை ஏறிய சிறப்பு ஓவியத்திலும் வரும். மேஜையில் இரண்டுக்கும் ஒரே பலம்.

வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அதிர்ஷ்டத்தை நம்பிப் பாக்கெட்டாகப் பிரித்துக்கொண்டே இருப்பதைவிட, டெக்குக்கு என்ன தேவை என்று பிள்ளையோடு உட்கார்ந்து எழுதி, அந்தக் கார்டுகளை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள்.

இரட்டை நிலம் வாங்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது: ஒரே நிறத்தில் ஆடுவது. 1996-ல் அட்லாண்டாவில் நடந்த மேஜிக் தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் சிவப்பு நிற டெக் ஒன்றோடு வந்து இரண்டாமிடம் பிடித்தார். ஜே ஷ்னைடர் வடிவமைத்த டெக் அது. முதல் முறை ஒரு மானா, அடுத்த முறை இரண்டு என்று ஒரு துளி மானாவும் வீணாகாதபடி கார்டுகளை எண்ணி அடுக்கியிருந்தார். அதில் ‘அயர்ன்கிளா ஓர்க்ஸ்’ என்றொரு கார்டு. இரண்டு மானா, இரண்டு பலம். தனக்குச் சமமான பலமுள்ள எதிரியைக்கூடத் தடுக்க முடியாது. அதனால் யாரும் சீண்டாத கார்டு. ஸ்லையின் டெக்கில் அது தடுக்கவே நிற்கவில்லை, ஒவ்வொரு முறையும் தாக்கப் போனது.