நீர்விலக்குச் செராமிக் சவ்வுகளும் உவர்நீர் நன்னீராக்கமும்

கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளுள் இன்று பெரும்பாலானவை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையைக் கையாளுகின்றன. உப்பின் செறிவு கூடக்கூட அம்முறைக்குத் தேவையான அழுத்தமும் கூடும். ஆகவே, அவ்வாலைகள் வெளியேற்றும் செறிந்த கழிவு உவர்நீரிலிருந்து அதே வழியில் மேலும் நன்னீர் பெறுவது கடினம். சவ்வுவழி வடித்தல் இவ்விடத்தில்தான் கருதத்தக்கதாகிறது. ஒருபுறம் 60 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடேற்றிய உவர்நீரும் மறுபுறம் குளிர்ந்த நன்னீரும் இருக்க, ஆவியழுத்த வேறுபாடு நீராவியை மட்டும் நுண்துளைகள் வழியே நகர்த்துகிறது. உப்பு ஆவியாவதில்லை, பின்தங்கிவிடுகிறது.

இதற்குச் சவ்வு நீரை விலக்க வேண்டும். வழக்கிலுள்ளவை பெரும்பாலும் பலபடிச் சவ்வுகள். வெப்பத்தையும் கடுமையான வேதிக் கழுவலையும் செராமிக் அவற்றினும் நன்கு தாங்கும். ஆயினும் அலுமினா, சிர்க்கோனியா ஆகியவற்றின் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்ப்பவை. மெருகிடாத மட்பானை நீரை உறிஞ்சுவதும் இவ்வியல்பினாலேயே. எனவே அத்தொகுதிகளுடன் ஃபுளோரோஆல்கைல் சிலேன் மூலக்கூறுகள் பிணைக்கப்படுகின்றன. அவற்றின் ஃபுளோரின் செறிந்த முனை வெளிநோக்கி நின்று நீரை விலக்குகிறது.

துளைக்குள் நீர் புகத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையையும் தொடுகோணத்தின் கொசைன் மதிப்பையும் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்ததன் இருமடங்காகும். 0.1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில் தொடுகோணம் 130 பாகையெனில் இவ்வழுத்தம் ஏறத்தாழ 9 பார். 95 பாகையெனில் 1 பாருக்குச் சற்றே மிகுதி. 90 பாகைக்குக் கீழிறங்கினால் நீர் தானே புகுந்துவிடும்.

செராமிக்கின் உறுதியைப் போற்றும் எழுத்துகள் பல இதனைக் கருதுவதில்லை. சவ்வின் உடல் செராமிக்காயினும், பணியைச் செய்வது சில நானோமீட்டர் தடிப்புள்ள கரிமப் படலமே. சூடான நீரும் காரமும் அதன் பிணைப்பை நீராற்பகுக்கக்கூடும். ஆதலின் தொடக்கத் தொடுகோணத்தைவிட, நெடுநேர இயக்கத்திற்குப் பின் எஞ்சும் தொடுகோணமே நம்பத்தக்க சான்று.

செராமிக் போன்ற சவ்வுகள் இச்சிக்கலுக்கு வேறு விடை தருகின்றன. சிலிக்கான் சார்ந்த பலபடிகளை மந்த வாயுவில் அளவாகச் சுட்டால் மெத்தில் தொகுதிகள் உடல் முழுதும் எஞ்சும். மேற்பரப்பு தேய்ந்தாலும் நீர்விலக்கு நீங்காது. வெப்பநிலை மிகுந்தால் உறுதி கூடும். மெத்தில் தொகுதிகளோ அழியும்.

வெப்ப இழப்பும் பொருட்படுத்தத்தக்கது. திண்ம அலுமினா பலபடிகளைப் போல நூறு மடங்கு வரை வெப்பத்தைக் கடத்தும். துளைகள் இதனைக் குறைப்பினும், ஆவியாக்கத்திற்குரிய வெப்பத்தின் ஒரு பகுதி குளிர்நீருக்கு வீணே சென்றுவிடும். அதனால் இத்தகைய சவ்வுகளுக்கு, மறுபுறம் குளிர்நீருக்கு மாறாக வெற்றிடத்தை அமைக்கும் முறை மிகப் பொருந்தும்.