அவசரகாலத்தின் மேல் எழுந்த அரசமைப்பு

மலாயாவின் அரசமைப்புச் சட்டம் 1957 ஆகஸ்டு 31 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்கள் ஒன்பது ஆண்டுகளாக வேறொரு சட்டத்துக்குப் பழகியிருந்தன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, இரண்டே நாளில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், அதாவது விசாரணையின்றிச் சிறைவைக்கவும் குடியிருப்புகளைப் பெயர்த்து முள்வேலிக்குள் வைக்கவும் அதிகாரிகளுக்கு இடமளித்த ஆட்சிமுறை, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1948இலேயே தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அந்த ஆட்சிமுறை தோட்ட லயங்களில் விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தது அடையாள அட்டையே. பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரின் புகைப்படத்தையும் பெருவிரல் ரேகையையும் கொண்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடமிருந்து மக்களைப் பிரித்தறிய உருவான அந்த அட்டை, விடுதலைக்குப் பின் உரிமையின் சான்றாக மாறியது: நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. விடுதலை நாளிலிருந்து மண்ணில் பிறந்தவர்களுக்கு அரசமைப்பு பிறப்புரிமையாகக் குடியுரிமை தந்தது. அதற்கு முன் பிறந்தோர் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரமே எடுக்காத தோட்டப் பாட்டாளிக் குடும்பங்களில் பிள்ளைகளும் சிவப்பு அட்டையோடோ அட்டையே இல்லாமலோ வளர்ந்தனர். குடியாட்சி என்றதும் உரிமைப் பட்டியலைப் பேசுவது அறிஞர் வழக்கம். பால்வெட்டுத் தொழிலாளியோ அதனைப் பதிவு அலுவலக முகப்பில்தான் முதலில் சந்தித்தார்.

அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையம், அலகாபாத் உயர்நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக்கும் இடம்பெற்ற அந்த ஐவர் குழு, அடிப்படை உரிமைகளோடு அவசரகாலப் பிரகடனத்துக்கு வழிவகுக்கும் 150ஆம் பிரிவையும் வரைவில் சேர்த்தது. நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காவிட்டால் பிரகடனம் இரண்டு மாதத்தில் தானே காலாவதியாகும் என்ற காப்பு 1960 திருத்தத்தில் நீக்கப்பட்டது. அவசரகாலம் முடிந்த மறுநாளே விசாரணையற்ற தடுப்புக்காவலை நிரந்தரமாக்கிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்தையொட்டிய பிரகடனம் 2011 வரை திரும்பப் பெறப்படவில்லை என்பதை நோக்கினால், அரசமைப்பு அவசரகாலத்தை ஒழித்ததாகச் சொல்வதைவிட அதற்குத் தன்னுள் ஓர் அறை ஒதுக்கியதாகச் சொல்வதே பொருந்தும்.

எனினும் பேராக்கின் தலைநகரான ஈப்போ வேறொரு பாடத்தையும் வைத்திருந்தது. வழக்கறிஞர்களான டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் சகோதரர்கள் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி, கூட்டரசை ஆண்ட கூட்டணியை எதிர்த்து நகராட்சி மன்றத்தைக் கைப்பற்றியது. சாக்கடைக்கும் சந்தைக்கும் பொறுப்பானவர்களை வாக்காளரே மாற்ற முடிந்த காலம் அது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை அடியோடு அகற்றியது. 2009இல் பேராக்கின் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணிமாறி மாநில அரசு கவிழ்ந்தபோது, பூட்டப்பட்ட சட்டமன்றத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் அவைத்தலைவர் வி. சிவகுமார் கூட்டிய அமர்வு உலகச் செய்தியானது. நகராட்சித் தேர்தல் மறைந்ததற்கு அந்த அளவு சலசலப்புக்கூட இல்லை, இத்தனைக்கும் இழப்பு இதில்தான் பெரிது. ஈப்போ 1988இல் மாநகரானது. அதன் மேயரும் மன்ற உறுப்பினர்களும் இன்றும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள்.