பாட்டுக்கு நடுவே ‘உம்ம்’ இரைச்சலா? முதலில் அடாப்டரைச் சோதியுங்கள்

தாத்தா காலத்து இசைத்தட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. தட்டில் கீறல் இல்லை, ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறதா? பல நூறு வெள்ளி கொடுத்துப் புதிய ஆம்பிளிஃபையர் வாங்குவதற்குமுன், அதற்கு மின்சாரம் தரும் சிறு அடாப்டரைக் கவனிப்பது நல்லது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

பாசிர் ரிசில் உள்ள வீவக வீடாக இருந்தாலும் வேறு எந்த வட்டாரமாக இருந்தாலும், சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். ஒலிக்கருவிக்குத் தேவைப்படுவதோ ஒரே திசையில் சீராக ஓடும் 12 வோல்ட் போன்ற குறைந்த மின்சாரம். மாற்றும்போது அதில் வினாடிக்கு 100 மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. அவற்றைச் சரியாக நிரவாவிட்டால் அவையே ‘உம்ம்’ என்று ஒலிக்கும். இன்றைய எடை குறைந்த அடாப்டர்கள் வேறு முறையில் இயங்குகின்றன. அவை வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகின்றன. மலிவான அடாப்டர்களில் அந்தச் சலனம் கசிந்து ‘உஸ்ஸ்’ அல்லது ‘கீஈ’ என்று கேட்கலாம்.

இசைத்தட்டுக் கருவியின் ஊசிமுனையில் கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் அதைச் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. இடையில் புகும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

எட்டு பேட்டரி சோதனை

கருவியில் ‘12 வோல்ட் டிசி’ என்று குறிப்பிட்டிருந்தால், எட்டு 1.5 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து அதை இயக்கிப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர்தான். நிற்கவில்லை என்றால் புதிய மின்வழங்கி வாங்குவது வீண்செலவு. இசைத்தட்டுக் கருவியின் மெல்லிய எர்த் கம்பி ப்ரீஆம்பின் திருகில் இறுக்கமாக உள்ளதா, கேபிள் பழுதா என்று பாருங்கள்.

நாமே செய்யலாமா?

செய்யலாம், ஆனால் 230 வோல்ட் பக்கம் கை வைக்காமல். 12 வோல்ட் ‘ஏசி’ வெளியீடு தரும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, பாதுகாப்பு முத்திரை பெற்ற சுவர் அடாப்டரை வாங்குங்கள். ஆபத்தான மின்சாரம் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். நாம் செய்வது அதன் பிறகு உள்ள பகுதியை மட்டுமே.

முதலில், நான்கு டயோடுகள் கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபையர். 12 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 17 வோல்ட். டயோடுகளில் 1.4 வோல்ட் போக, ஏறக்குறைய 15.5 வோல்ட் மிஞ்சும்.

அடுத்து, 2200 மைக்ரோஃபராட் மின்தேக்கி. ப்ரீஆம்ப் 0.1 ஆம்பியர் எடுத்தால், மேடுபள்ளம் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். சுமை இல்லாதபோது மின்னழுத்தம் கூடும் என்பதால் 35 வோல்ட் தாங்கும் மின்தேக்கியே நல்லது.

கடைசியாக, 7812 ரெகுலேட்டர். உள்ளே வருவது 14 வோல்ட்டுக்குக் குறையாதவரை வெளியே சீரான 12 வோல்ட் தரும். மிஞ்சும் மேடுபள்ளத்தைப் பல நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். வீணாகும் 3 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் பெருக்கினால் 0.3 வாட் சூடு. அதற்கு வெப்பத்தகடு தேவைப்படாது. அதன் இருபுறமும் சிறு மின்தேக்கிகளைக் கால்களுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

எல்டி3045 போன்ற சிப்புகளின் சொந்த இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்தான். 7812இல் அது பல பத்து மைக்ரோவோல்ட். ஆனால் எல்டி3045 அதிகபட்சம் 20 வோல்ட் மட்டுமே தாங்கும். தொடங்குவோருக்கு 7812 போதும்.

கவனம் தேவை

மின்தேக்கியைத் தலைகீழாக இணைத்தால் அது வெடிக்கலாம். கருவியுடன் இணைக்குமுன் மல்டிமீட்டரில் 11.5 முதல் 12.5 வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரை இசைத்தட்டுக் கருவிக்கு அருகில் வைக்காதீர்கள். ஊசிமுனையே அதன் இரைச்சலை ஈர்த்துக்கொள்ளும். சுவர் பிளக், வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சாதனம் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் கட்டாயம். அது இல்லாத பழைய வீடுகளுக்குத் தரப்பட்ட அவகாசம் 2025 ஜூலை 1 வரைதான்.

பாகங்கள் வாங்க, லிட்டில் இந்தியாவுக்கு அருகே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குச் செல்லலாம். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். பாசிர் ரிசிலிருந்து செல்வோர் தெம்பனிசில் டவுன்டவுன் ரயில் பாதைக்கு மாறி ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஆனால் கிளம்புமுன் அந்த எட்டு பேட்டரி சோதனையைச் செய்துவிடுங்கள். சில வேளைகளில் ஒரு திருகை இறுக்கினாலே இரைச்சல் போய்விடும்.