அட்டவணையும் அதன் வரலாறும்: ஸ்கீமா, மைக்ரேஷன் குறித்துச் சில குறிப்புகள்

2014 ஏப்ரல் 15ல் 'நால்சா' வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தம் பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்றது. மூன்றாம் பாலினம் சட்டத்தின் மொழிக்குள் வந்தது. அன்றிரவு எந்தக் கணினியிலும் எந்த டேபிளும் தானாக மாறிவிடவில்லை. ஆண் என்றால் 1, பெண் என்றால் 0 என்று ஒரே ஒரு பிட்டில் மனிதரை எழுதிவைக்கும் தரவுத்தளம் மறுநாளும் அப்படித்தான் எழுதும். சட்டத்தின் சொல்லாடல் வேறு, அட்டவணையின் சொல்லாடல் வேறு. முன்னதைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். பின்னதை 'அது டெக்னிக்கல் சமாச்சாரம்' என்று இஞ்சினியர்களிடம் விட்டுவிட்டோம். விண்ணப்பம் போய் முட்டி நிற்கிற இடம் அதுதான் என்பதால் அதன் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எந்த டேபிளில் என்னென்ன பத்திகள், பத்திக்குள் எண்ணா எழுத்தா, காலியாக விடலாமா கூடாதா, எந்த மதிப்புகள் செல்லும் – இந்த விதிகளின் தொகுப்பே ஸ்கீமா. ஐபிஎம்மில் வேலைபார்த்த எட்கர் காட் 1970ல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தபோது, தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதோடு நிரல் கட்டுண்டு கிடக்கக்கூடாது என்பது அவரது முக்கிய அக்கறை. அது பெருமளவு நிறைவேறவும் செய்தது. ஆனால் இன்றைய வலைச் செயலி அதே விதிகளைத் தன் நிரலுக்குள் இன்னொரு முறை எழுதிவைத்துக்கொள்கிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு பிரதிகள். இரண்டும் ஒன்றையே சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இதைக் கட்டிமேய்க்க வந்ததுதான் மைக்ரேஷன். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இங்கே யாரும் புலம்பெயர்வதில்லை. தரவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, அது குடியிருக்கும் வீட்டைத்தான் இடித்துக் கட்டுகிறார்கள். 'இந்தப் பத்தியைச் சேர்', 'அந்தப் பத்தியை நீக்கு' என்று ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு கோப்பு. 2005 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 1.0 இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. பைதான்காரர்களின் ஜாங்கோவுக்கு 2008ல் ஆண்ட்ரூ காட்வின் 'சவுத்' என்ற துணைநிரலை எழுதினார். 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7ல் இந்த வசதி உள்ளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

எந்தெந்தக் கோப்பு ஓடி முடிந்தது என்று குறித்துவைக்கத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு சின்ன டேபிள் உண்டு, வருகைப் பதிவேடு மாதிரி. ஜாங்கோவில் செயலியின் பெயர், கோப்பின் பெயர், ஓடிய நேரம், அவ்வளவுதான். கோப்புக்குள் என்ன எழுதியிருந்தது என்பது அதில் இல்லை. ஓடி முடிந்த கோப்பை ஒருவர் பிற்பாடு திருத்தினாலும் பதிவேடு 'ஆச்சு' என்றே சொல்லும். (ஃப்ளைவே போன்ற கருவிகள் கோப்பின் செக்சம்மையும் குறித்துவைத்து, திருத்தியிருந்தால் நிறுத்திவிடுகின்றன. எவ்வளவோ மேல்.)

ஆக, பிரதிகள் இரண்டல்ல, மூன்று. நிரலில் உள்ள மாடல், கோப்புகள் சொல்லும் வரலாறு, நிஜமாக இருக்கும் டேபிள். 'என்ன மாறியிருக்குன்னு பாத்து புதுக் கோப்பு எழுது' என்று ஜாங்கோவிடம் சொன்னால் அது முதல் இரண்டை மட்டுமே ஒப்பிடுகிறது. பழைய கோப்புகளை வரிசையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, டேபிள் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு சித்திரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நிஜ டேபிளின் அமைப்பை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எழுதப்பட்ட வரலாறே யதார்த்தம் என்று நம்புகிற வாசகர் அது. நள்ளிரவில் யாரோ 'அவசரம், ஒரே ஒரு ஆல்டர் போட்டுட்டுப் போயிடறேன்' என்று சர்வரில் நேரடியாகக் கைவைத்திருந்தால் அது எந்தக் கோப்பிலும் இல்லை, ஆகவே நடக்கவேயில்லை. பின்னர் அதே பத்தியைச் சேர்க்கும் கோப்பு ஓடும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று உடைகிறது. உடைந்ததும் செய்கிற காரியம் இன்னும் மோசம். 'ஃபேக்' என்றொரு தேர்வு உண்டு. கோப்பை ஓட்டாமலேயே ஓடியதாகப் பதிவேட்டில் எழுதிவிடலாம். பழைய தரவுத்தளம் ஒன்றை முதன்முதலாக இந்த வரலாற்றுக்குள் கொண்டுவர அது தேவைதான். மற்றபடி பொய்க் கையெழுத்து.

மைஎஸ்க்யூஎல்லில் வேறொரு தொல்லை: டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் ஒவ்வொன்றும் அப்போதைக்கப்போதே உறுதியாகிவிடுகின்றன. ஐந்தில் மூன்றாவது தோற்றால் முதல் இரண்டு நின்றுவிடும், பதிவேட்டிலோ ஒன்றும் இருக்காது. போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் மொத்தத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

ரெயில்ஸ் ஆரம்பத்தில் கோப்புகளுக்கு 001, 002 என்று எண்ணிட்டது. இரண்டு பேர் தனித்தனியே 014 எழுதினால் முட்டிக்கொள்ளும். 2008ல் நேரமுத்திரைக்கு மாறினார்கள். ஜாங்கோ ஒவ்வொரு கோப்பையும் தனக்கு முந்தையது எது என்று சொல்லவைக்கிறது, கிளை பிரிந்தால் இணைப்புக் கோப்பு கேட்கிறது. ஒற்றை நேர்கோட்டு வரலாறு வேலைக்காகாது என்பதை இவர்கள் தத்துவம் எதுவும் படிக்காமலேயே கண்டுகொண்டார்கள்.

அந்த ஒரு பிட்டுக்கு வருவோம். அதை எழுத்துப் பத்தியாக்க வேண்டும். ஒரே அடியில் முடியாது. புது நிரல் எல்லா சர்வர்களிலும் ஒரே நொடியில் ஏறுவதில்லை. சில நிமிடங்களாவது பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே டேபிளில் எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் காலியை ஏற்கும் 'பாலினம்' என்ற புதிய பத்தி. பிறகு நிரல் இரண்டிலும் எழுதும். பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவது, புதியதிலிருந்து படிப்பது, பழையதில் எழுதுவதை நிறுத்துவது, கடைசியில் அதை நீக்குவது. இந்த இடைக்காலத்தில் ஒருவர் மூன்றாம் பாலினம் என்று விண்ணப்பித்தால் புதுப் பத்தியில் சரியாக விழும். பழையதில்? அது காலியை ஏற்காது, 1 அல்லது 0 போட்டே ஆக வேண்டும். பழைய பத்தியை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஏதோவொரு அறிக்கை அவரை ஆண் என்றோ பெண் என்றோ அச்சிட்டுத் தள்ளும். எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படி வேண்டும்: பழைய பத்தி காலியை ஏற்கவும், அதைப் படிக்கும் நிரல்கள் காலியைத் தாங்கவும் செய்வது. அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

பழைய வரிகளை நிரப்புவதிலும் வம்பு இருக்கிறது. 1ஐ ஆண் என்றும் 0வைப் பெண் என்றும் மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் 0 என்று பதிவானவர் எல்லாம் தன்னைப் பெண் என்று சொன்னவரல்ல, வேறு கட்டமே இல்லாததால் அதில் தள்ளப்பட்டவரும் அங்கே உண்டு. கட்டளை ஓடியதும் அந்த நிர்ப்பந்தம் சுய அறிவிப்பாக மாறிவிடுகிறது. 'பழைய பதிவிலிருந்து வந்தது' என்று பக்கத்தில் ஒரு குறியாவது வைத்தால்தான் பின்னால் அவர்களிடம் மறுபடி கேட்க முடியும்.

மைக்ரேஷன் கோப்பில் திரும்பும் வழியையும் எழுதுவது வழக்கம். எழுத்தை மறுபடி பிட்டாக்கும்போது மூன்றாவது மதிப்பை எங்கே வைப்பீர்கள்? பத்தியை மீட்கலாம், மதிப்பை மீட்க முடியாது. 'இது திரும்ப முடியாதது' என்று அறிவித்து நிறுத்த ரெயில்ஸிலும் ஜாங்கோவிலும் வழி உண்டு. 'எல்ஸ் போட்டு 0 ஆக்கிடுப்பா' என்பதைவிட அதுவே நேர்மை.

'மாத்தியாச்சு' என்று ஓர் அலுவலகம் சொன்னால், படிவத்திலா, நிரலிலா, டேபிளிலா என்று கேட்கலாம். பழைய வரிகள் என்னவாயின என்றும் கேட்கலாம். சோதிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். காலியான தரவுத்தளம் ஒன்றில் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து ஓட்டி, வருகிற ஸ்கீமாவை இறக்கிக்கொள்ள வேண்டும். நிஜ சர்வரிலிருந்தும் அமைப்பை மட்டும், ஆட்களின் விவரம் எதுவும் இல்லாமல், இறக்கி இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தென்பட்டால் சர்வரில் கைவைத்து மறைக்காமல் அதையே அடுத்த கோப்பாக எழுத வேண்டும்.