யானைக்கு ஒரு நாள் பணிவிடை

கடல், ரெயில், யானை. இந்த மூன்றும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது என்பார்கள்.

யானை மேல் உள்ள ஆசையால் விமானம் ஏறிப் போகிறவர்களும் உண்டு. தாய்லாந்து நாட்டில் சியாங்மாய் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றி யானைப் பண்ணைகள் உள்ளன. பல நாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள். கைப்பணம் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் யானைக்கு வேலை செய்கிறார்கள். பழம் நறுக்குகிறார்கள். தழை சுமக்கிறார்கள். லத்தி கூட அள்ளுகிறார்கள்!

இலங்கையில் பின்னவளை என்ற இடத்தில், தாயை இழந்த யானைக் குட்டிகளுக்கு 1975-ம் ஆண்டு ஒரு விடுதி தொடங்கப்பட்டது. அங்குள்ள யானைகள் மகா ஓயா ஆற்றில் கூட்டமாகக் குளிப்பதைப் பார்க்கவே ஜனங்கள் திரளுகிறார்கள்.

இந்த வேலையை ஒரு நாள் அல்ல, ஆயுள் முழுவதும் செய்கிறவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். அவர்கள்தான் கோயில் யானைப் பாகர்கள்.

பொழுது விடியுமுன்...

ஸ்ரீரங்கம் ரெங்கநாதர் கோயிலில் காலையில் விசுவரூப தரிசனம் நடக்கும். அப்போது சந்நிதிக்கு எதிரே பசுவும் யானையும் நிற்பது வழக்கம். யானை தயாராக வேண்டும் என்றால், அதற்கு முன்பே பாகன் எழுந்திருக்க வேண்டும் அல்லவா?

ஐப்பசி மாதம் வந்தால் இன்னொரு வேலை. பெருமாளின் திருமஞ்சனத்துக்காக, காவிரியில் இருந்து தங்கக் குடத்தில் தண்ணீர் எடுத்து, யானை மேல் வைத்துக் கொண்டு வருவார்கள். 1986-ம் ஆண்டு கோயிலுக்கு வந்த ஆண்டாள் என்ற யானையைத் திருச்சி வட்டாரத்தில் தெரியாத குழந்தை இல்லை.

பக்கத்தில் உள்ள திருவானைக்காவலுக்குப் பெயரே யானையால் வந்ததுதான். அங்கே சிவலிங்கத்தை ஒரு யானையும் ஒரு சிலந்தியும் பூசித்தன என்பது தல புராணம். அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாம். யானை நுழைய முடியாதபடி, சிறிய வாசலோடு அவன் சந்நிதி கட்டினான் என்று சொல்வார்கள். ஆனாலும் அந்தக் கோயிலிலும் யானை உண்டு. அதன் பெயர் அகிலா.

குளிப்பாட்டுவது எப்படி?

யானைக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. காதை ஆட்டித்தான் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. திருச்சி வெயிலைக் கேட்கவா வேண்டும்? ஆகவே குளியல் மிக அவசியம்.

யானையைப் படுக்க வைத்து, காதுக்குப் பின்னாலும், கால் இடுக்கிலும், வாலின் அடியிலும் தேய்ப்பார்கள். தேய்க்கும்போதே பாகனின் கண் உடம்பு முழுவதும் ஓடும். புண் இருக்கிறதா? வீக்கம் இருக்கிறதா? யானை வாய் திறந்து சொல்லாது. பாகன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எவ்வளவு சாப்பிடும்?

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ தீனி வேண்டும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தின்பதில் பாதி கூடச் செரிப்பதில்லை. அதனால்தான் நாள் முழுவதும் தின்று கொண்டே இருக்கிறது.

பசுந்தீவனம், தென்னை மட்டை, ஆலந்தழை ஆகியவை முக்கியமான உணவு. அரிசி, கேழ்வரகு, பயறு ஆகியவற்றை வேக வைத்துக் கவளமாக உருட்டியும் கொடுப்பார்கள்.

பக்தர்கள் அன்போடு கொடுக்கும் இனிப்பும், அளவுக்கு மீறிய சோறும் யானைக்கு ஆகாது. உடம்பு பருத்துவிடும். பருத்தால் பாரம் முழுவதும் காலில்தான் இறங்கும்.

காலில் இருக்கிறது உயிர்!

காட்டில் யானை நாள்தோறும் பல மைல் நடக்கிறது. நடக்க நடக்க உள்ளங்காலும் நகமும் தேய்கின்றன. கல் தளத்தில் ஒரே இடத்தில் நிற்கும் யானைக்கு அவை தேயாமல் வளர்ந்து, வெடித்துப் புண் ஆகும். சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே நகத்தை ராவி விட வேண்டும். மண் தரையில் நிற்க வைக்க வேண்டும். தினமும் நடத்திச் செல்ல வேண்டும். பாகனின் வேலையில் மிகப் பொறுமையான வேலை இதுதான்.

கோபம் வந்தால்?

கோயில்களில் பெரும்பாலும் பெண் யானைகளே இருக்கின்றன. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் என்ற பயமே காரணம். ஆனால் பெண் யானைக்கும் கோபம் உண்டு.

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மசினி என்ற யானை இருந்தது. முதுமலைக் காட்டில் குட்டியாகக் கிடைத்து, அங்குள்ள முகாமில் வளர்ந்த யானை அது. 2018 மே மாதம், கோயிலுக்குள்ளேயே அது தன் பாகனைக் கொன்று விட்டது. பிறகு அது முதுமலைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2024 நவம்பரில் திருச்செந்தூரிலும் ஒரு யானை, பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது.

சோறு போட்ட கையையே ஏன் தாக்குகிறது? காட்டில் யானை தனியாக வாழ்வதில்லை. தாய், பாட்டி, சித்தி, குட்டி என்று பெரிய குடும்பமாக வாழ்கிறது. கோயிலில் அதற்குப் பாகன் ஒருவர்தான் எல்லா உறவும். தனிமை, சங்கிலி, கூட்டம், சத்தம் எல்லாம் சேர்ந்து என்றாவது ஒரு நாள் பொறுமை உடைகிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர் பாகன்!

அரசு என்ன செய்தது?

கோயில் யானைகளுக்கு ஓய்வு கொடுக்க, 2003-ம் ஆண்டு முதுமலையில் நலவாழ்வு முகாம் தொடங்கியது. பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் 48 நாள் முகாமாகப் பல ஆண்டுகள் நடந்தது. வளர்ப்பு யானைகளைப் பராமரிக்க 2011-ம் ஆண்டு தனி விதிகள் வந்தன.

திருச்சி மாவட்டம் எம்.ஆர்.பாளையம் காட்டில் 2019-ம் ஆண்டு யானைகள் மறுவாழ்வு மையம் அமைந்தது. கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023-ல் சென்னை ஐகோர்ட்டின் மதுரை கிளை கூறியது.

யானையைக் கண்டால் கும்பிடுவது நம் வழக்கம். கும்பிடுகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பாகன் அனுமதி இல்லாமல் எதையும் தின்னக் கொடுக்காமல் இருக்கலாம். குழந்தையைத் தூக்கிக் கொண்டு நெருங்கிப் போய்ச் சத்தம் போடாமல் இருக்கலாம்.

காசு செலவில்லாமல் யானைக்குச் செய்யும் பணிவிடை அது. பாகன் மாலையில் உயிரோடு வீடு திரும்பவும் அது உதவும்.