கைலிக் கட்டம் காட்டிக்கொடுக்கும்

“தொப்பையைக் கொஞ்சம் உள்ள தள்ளிடுங்க பாய்.”

லப்பைக்குடிக்காட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு இந்த வேண்டுகோள் புதிதாக இருக்காது. வெள்ளாற்றங்கரையில் உள்ள இந்தப் பெரம்பலூர் மாவட்டத்து ஊரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. பாஸ்போர்ட் சைஸ் படம், பயணத்துக்கு முன் குடும்பப் படம், திரும்பி வந்ததும் நிக்காஹ் படம் என்று கேமராவுக்கு ஓய்வில்லை.

தொப்பையைத் தள்ளுவது பெரிய வேலையில்லை. போட்டோஷாப்பில் ‘லிக்விஃபை’ என்றொரு கருவி இருக்கிறது. 2000-ல் வந்த 6-ஆம் பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். பிரஷ்ஷை வயிற்றின் ஓரத்தில் வைத்து உள்ளே இரண்டு இழுப்பு, முடிந்தது. ஆனால் வந்தவர் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தால் சங்கடம். வயிறு உள்ளே போகும்போது இடுப்பருகே நேராக இறங்க வேண்டிய கோடுகளும் கூடவே நெளியும். முதுகுக்குப் பின்னால் கதவு நிலை இருந்தால் அதுவும் வளையும். வெள்ளை வேட்டி ரகசியம் காக்கும். கைலி காக்காது.

பிரஷ் தொட்ட இடத்தில் என்ன நடக்கிறது? பிக்சல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ளுவதாக நமக்குத் தோன்றும். அப்படித் தள்ளினால் இழுபட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் தன் போக்கில் போட்டுக்கொண்டே போனால் ஓர் இலைக்கு இரண்டு முறை விழும், ஓர் இலை காலியாகக் கிடக்கும். இலைக்கு முன் இருப்பவர் ஒவ்வொருவரும் கேட்டு வாங்கினால் எந்த இலையும் காலியாகாது. அதேபோல் புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியும், ‘என் நிறம் பழைய படத்தில் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறது. அந்த இடம் நான்கு பிக்சல்களுக்கு நடுவே விழுந்தால், எது எவ்வளவு அருகில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் நிறத்தைக் கலந்து தருகிறது மென்பொருள். இழுத்த இடத்தில் தோலின் நுண்துளைகள் மழுங்கி மெழுகு பூசியதுபோல் தெரிவது இந்தக் கலவையால்தான்.

கட்டத்தை வளைத்து உருவத்தை மாற்றும் யோசனை கம்ப்யூட்டருக்கு முந்தியது. டார்சி தாம்ப்சன் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர் 1917-ல் வெளியிட்ட நூலில், முள்ளம்பன்றி மீன் ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார். கட்டங்களை வால் பக்கம் விரித்து வளைத்தார். அதே மீன் சூரிய மீனாகிவிட்டது! அவரிடம் பிரஷ் இல்லை. மற்றபடி அது லிக்விஃபைதான்.

இதெல்லாம் பொய்ப்படம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சேதி: கேமராவும் யோக்கியமில்லை. செல்ஃபியில் போன் முகத்துக்கு 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கு 30-லும் காது 42-லும் இருப்பதால், காதை ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் குழு 2018-ல் இப்படித்தான் கணக்குப் போட்டது. 30 செ.மீ. செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரியும் என்றது. செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கை அறுவைசெய்யக் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது!

கல்யாண குரூப் படத்தில் ஓரத்தில் நிற்கும் மாமா மட்டும் ஏன் அகலமாகிறார்? வைட் ஆங்கிள் லென்ஸ் கோடுகளை நேராகக் காட்டப் பாடுபடுகிறது. அதற்கான விலையை ஓரத்து முகங்கள் கொடுக்கின்றன. முகங்களைச் சரிசெய்தால் மண்டபத் தூண்கள் வளையும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிவிடுகிறதே, அதே தொல்லைதான். எதையாவது கெடுக்காமல் விரிந்த காட்சியைத் தட்டையாக்க முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2019-ல் சொன்ன தீர்வு ஒரு சமரசம்: முகம் இருக்கும் இடத்தில் முகத்துக்கு ஏற்ற கணக்கு, மற்ற இடத்தில் கோட்டுக்கு ஏற்ற கணக்கு, நடுவில் மெல்ல மெல்ல மாற்றம்.

ஆனால் எது நேர், எது வளைவு என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். விமானத்தை அண்ணாந்து படம் எடுத்தால் பக்கவாட்டுக் கோடுகள் மேலே சாய்ந்து குவியும். விமானமே பின்னால் சாய்வதுபோல் இருக்கும். பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நிமிர்த்தலாம், தவறில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நேர்க்கோட்டில் ஏறுவதுபோல் ராஜேந்திர சோழனின் விமானம் ஏறுவதில்லை. உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. லென்ஸ்தான் வளைத்துவிட்டது என்று நினைத்து அதையும் ‘சரி’செய்கிறவர், மகன் கட்டியதை அப்பா கட்டியதாக மாற்றிவிடுவார்.

விளையாட்டு தீவிரமாகும் இடம் பாஸ்போர்ட். இரண்டு பேரின் கண், மூக்கு, வாய்ப் புள்ளிகளைப் பொருத்தி, இருவர் முகத்தையும் பாதி வழிக்கு வளைத்துக் கலந்தால் மூன்றாவது முகம் ஒன்று கிடைக்கும். ஒரே பாஸ்போர்ட்டில் இருவருமே எல்லை இயந்திரத்தைத் தாண்டலாம் என்று இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். 2018-ல் ஜெர்மனியில் ஒரு கலைஞர் குழு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர் பிரதிநிதி ஃபெடரிகா மொகரினியின் முகத்தைத் தங்களில் ஒருவர் முகத்தோடு கலந்து உண்மையான பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டது. 2025 மே முதல் அங்கே அச்சுப் படத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. நம் ஊர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் படத்தை அங்கேயே உட்காரவைத்து எடுத்துக்கொள்கிறார்கள்.

விசாவுக்கு மட்டும் இன்னும் ஸ்டூடியோ படம் தேவைப்படுகிறது. அப்போதும் சிலர் கேட்பார்கள்: “மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கிடுங்க பாய்.” விவரம் தெரிந்த ஸ்டூடியோக்காரர் மௌஸைத் தொடமாட்டார். ஸ்டூலை இரண்டடி பின்னுக்குத் தள்ளிப் போட்டு, “இன்னொரு தடவை உக்காருங்க” என்பார்.